மெற்றில்டாவின் வலது கால்

மெற்றில்டா பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வந்தது. மருத்துவச்சி வெலவெலத்துப் போனாள். தாயும் பிள்ளையும் தப்பினால் கோயிலில் மெழுகுதிரி கொளுத்துவதாக வீடே நேர்ந்துகொண்டது. இருவரும் தப்பினார்கள். காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கும் பிடிப்பும் விட்டுவிடும் என்பதில் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. வேதக்காரரானாலென்ன, சைவரானாலென்ன, மாளிகாவத்தையிலிருந்து வருகிற முஸ்லிம்களானாலென்ன, முதுகு பிடித்துக்கொண்டால் எல்லோருக்கும் ஒரே சமயந்தான்.

நடக்கத் தெரியாத வயதிலேயே அவளைத் தூக்கிப் பிடித்து, குப்புறப் படுத்திருப்பவரின் முதுகில் வலது காலால் மூன்று தரம் தடவ வைப்பார்கள். முறை அவ்வளவுதான். காசு வாங்கக் கூடாது, வாங்கினால் பலிக்காது. பிள்ளை வளர வளரக் காலும் வளர்ந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், "சும்மா தடவினாப் போதாதக்கா, பாரத்தைப் போடுங்கோ" என்றார்கள். போட்டாள். முதுகு சடக்கென்று சத்தம் போடும். ஆள் எழும்பி, உடம்பை முறித்து, சிரித்துக்கொண்டு போவான். அந்தச் சத்தத்தில் அவளுக்கு ஒரு ருசி பிடித்துவிட்டது. இதை மறைத்து என்ன பயன்? புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, புறக்கோட்டைக் கடைகளுக்குச் சட்டை தைத்துச் சீவித்த கைம்பெண் அவள். வாசலில் நாலு பேர் காத்திருக்கிற பெருமை வேறு எங்கிருந்து அவளுக்கு வரும்?

அதே வரிசையில், இரண்டு வீடு தள்ளி, தங்கை பேர்ணடெற் இருந்தாள். அவள் புருஷன் கயித்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். வாய் ஓயாத ஆள். செத்த வீட்டிலும் யாரையாவது சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவான்.

அப்போது பஸ்களைத் தனி ஆட்கள்தான் ஓட்டினார்கள். ஒரே தெருவில் இரண்டு முதலாளிமாரின் பஸ்கள் ஒரே நேரத்தில் கிளம்பும். முந்திப் போகிறவனுக்குத்தான் அடுத்த சந்தியில் நிற்கும் ஆட்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் கயித்தான் வந்த பஸ், ஆளை ஏற்றச் சட்டென்று பிரேக் போட்டது. பின்னால் துரத்திக்கொண்டு வந்த மற்ற பஸ் அப்படியே இதன் முதுகில் ஏறியது. கயித்தானின் தலை பின்னால் போய் முன்னால் வந்தது. கண்ணாடி வெட்டிய இருவரை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கயித்தான் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தான்.

"ஒரு கீறல்கூட இல்லை, பாத்தியே?" என்று பெண்சாதிக்குக் கழுத்தைக் காட்டினான். "கொஞ்சம் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

விடிந்தபோது தலையணையிலிருந்து தலையை எடுக்க அவனுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. பக்கத்தில் வைத்த ஒரு பொருளைத் தூக்குவதுபோல் தன் தலையைத் தானே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பேர்ணடெற் பயந்துபோய் ஆஸ்பத்திரி என்றாள்.

"அங்க ரத்தம் வாறவனைத்தான் பாப்பாங்கள். வீட்டிலயே வைத்தியம் இருக்கேக்க அங்க ஏன்?"

பூசை முடிந்து மெற்றில்டா முக்காட்டை மடித்துக்கொண்டு வந்தபோது, முற்றத்தில் பாய் விரித்தாகிவிட்டது. அக்கம்பக்கத்தாரும் கூடிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையில் அவர்களுக்கும் வேறு பொழுதுபோக்கு ஏது? கயித்தான் தலை சரியாமல் ஒரு கையால் நாடியைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தான். கோப்பை விரல்களுக்குள் நிற்காமல் நழுவி விழுந்து உடைந்தது.

"விரல் விறைச்சுக் கிடக்கு மச்சாள். எறும்பு ஊருற மாதிரி" என்று சிரித்தான்.

மெற்றில்டா அவன் விரல்களைப் பார்த்தாள். எத்தனையோ முதுகுகளைப் பார்த்தவள். பிடிப்பென்றால் பிடித்த இடத்தில் நோகும். கழுத்துப் பிடித்ததற்கு விரல் ஏன் விறைக்க வேண்டும்? காரணம் அவளுக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று மட்டும் தெரிந்தது.

"பேர்ணடெற், இண்டைக்கு வேண்டாம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

கூட்டத்தில் யாரோ, "ஊரிலுள்ளவனுக்கெல்லாம் மிதிக்கிறா. சொந்த மச்சானுக்கு மட்டும் பிகு பண்ணுறா" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். சுருக்கென்று தைத்தது. அந்தச் சிரிப்பை அவள் பொறுத்துக்கொண்டிருக்கலாம். பொறுத்திருந்தால் இந்தக் கதையும் இல்லை.

கயித்தான் பேர்ணடெற்றைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்தான். மெற்றில்டா சுவரில் கை ஊன்றி, வலது காலைத் தூக்கி, அவன் பிடரியில் ஒரு தரம் தடவினாள். இரண்டாம் தரமும் பட்டும் படாமலும் தடவினாள். இப்படியே முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்தாள்.

"என்ன மச்சாள், ஈ ஓட்டுறியளோ? பாரத்தைப் போடுங்கோ."

மறுபடியும் சிரிப்பு. மூன்றாம் தரம் அவள் பாரத்தைப் போட்டாள்.

சத்தம் வந்தது. அவளுக்குப் பழக்கமான சடக் அல்ல அது. மிகச் சின்னதாக, குதிகாலுக்கு மட்டும் கேட்டது.

"ஆ, விட்டிட்டுது!" என்றான் கயித்தான். "சுகம் மச்சாள். நோவே இல்லை."

ஆட்கள் கை தட்டினார்கள். பேர்ணடெற் சிலுவை போட்டுக்கொண்டாள். மெற்றில்டா காலை எடுத்துவிட்டு, "அப்ப எழும்பும்" என்றாள்.

"எழும்புறன். என்ட காலைப் பிடிச்சிருக்கிறவனை முதல் விடச் சொல்லுங்கோ."

அவன் காலை யாரும் பிடித்திருக்கவில்லை.

கழுத்தெலும்பு பஸ்ஸிலேயே உடைந்திருக்க வேண்டும் என்றார் பெரியாஸ்பத்திரி டொக்டர். உடைந்தது விலகாமல் இருந்தவரைக்கும் நடந்திருக்கிறான். "பிறகு ஆராவது இழுத்ததோ, அமத்தினதோ?" என்று கேட்டார். பேர்ணடெற் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்லை டொக்டர்" என்றாள். கட்டிலில் கிடந்த கயித்தான் முகட்டைப் பார்த்தபடி இருந்தான். வாய் ஓயாதவன் அந்தக் கேள்விக்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

பிறகு எல்லோரும் பஸ்காரனைச் சபித்தார்கள். முற்றத்தில் கை தட்டியவர்கள்தான் அதிகம் சபித்தார்கள். மெற்றில்டாவின் காலைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. யாராவது காறித் துப்ப மாட்டார்களா என்று அவள் ஏங்கினாள். அதற்குப் பதிலாக அடுத்த வாரமே ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். "கால் இப்ப பலிக்கிறதில்லை" என்று திருப்பி அனுப்பினாள். நம்பாமல் போனான். பிறகும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று, கழுத்துக்குக் கீழே அசைவில்லாத கயித்தானை வீட்டுக்கு அனுப்பினார்கள். மெற்றில்டா இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தைத்தாள். பின்னேரங்களில் அவனுக்குக் கஞ்சி பருக்குவாள். ஒவ்வொரு கரண்டிக்கும், உங்கட காலாலதான் என்று இப்போது சொல்லிவிடுவான், இப்போது சொல்லிவிடுவான் என்று காத்திருப்பாள். அவன் மழையைப் பற்றிக் கதைப்பான், துறைமுகத்துக்கு வந்த கப்பலைப் பற்றிக் கேட்பான்.

படுக்கைப் புண் வராமலிருக்க அவனைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அந்த வேலை பேர்ணடெற்றுடையது. ஒருநாள் மெற்றில்டா கஞ்சியோடு வந்தபோது, தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு வளைந்து நின்றாள்.

"இவரைப் புரட்டினதில முதுகு பிடிச்சிட்டுது அக்கா. நிமிர ஏலாது. நான் விழுந்தால் இவரை ஆர் பாக்கிறது? ஒருக்கா மிதி."

"என்னட்டக் கேக்காதை பேர்ணடெற்" என்றாள் மெற்றில்டா. அதற்குள் தங்கை கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் குப்புறப் படுத்துவிட்டாள். மெற்றில்டா கஞ்சியைக் கீழே வைத்தாள். சுவரில் கை ஊன்றினாள். காலைத் தூக்கினாள்.

கட்டிலிலிருந்து கயித்தான் சொன்னான்: "மச்சாள், பாரத்தைப் போடாதையுங்கோ."

அவனுக்கு எப்போதோ தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். தரையில் கிடந்த பேர்ணடெற்றின் தோள்கள் குலுங்கின. அவளுக்கும் தெரியும்.

மெற்றில்டா வலது காலால், நடக்கத் தெரியாத வயதில் தடவியதுபோல, பாரமில்லாமல் மூன்று தரம் தடவினாள். கண்ணீர் தங்கையின் முதுகில் விழுந்தது. பேர்ணடெற் கட்டில் சட்டத்தைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பாதி வளைந்தபடியே எழும்பினாள்.

"விட்டிட்டுது அக்கா" என்றாள்.