வெறுமனே போன தூக்குவாளி

போன ஆடி மாதம் வில்லாபுரத்தில் நடந்தது இது. இன்றைக்கு எழுத உட்கார்ந்தாலும் எனக்குக் காது மடல் சூடாகிறது.

நான் பள்ளி ஆசிரியை. சுகர் வந்ததும் பால், கறி இரண்டையும் விட்டுச் சிறுதானியத்துக்கு மாறினேன். உடம்பு தேறியது. தெருவில் பாதிப் பேருக்கு இதே தொல்லைதானே, ஞாயிறு மதியம் ஒரு வேளையாவது இப்படிச் சமைத்து இலவசமாகக் கொடுப்போம் என்று நாலு பெண்கள் சேர்ந்து ஆரம்பித்தோம். சாமைச் சோறு, முருங்கைக்கீரைக் கூட்டு, கொண்டைக்கடலைச் சுண்டல். நெய், தயிர் கிடையாது. "என்ன டீச்சர், மோர் ஊத்தாம சோத்த எப்பிடி முடிக்கிறது?" என்று கிண்டலடித்தவர்களே அடுத்த வாரம் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள்.

சமைக்க இடம் கொடுத்தவர் தெருக்கோடிப் பெரிய வீட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற அதிகாரி. கார் ஷெட்டைக் காலி செய்து கொடுத்தார். பரம்பரைச் சைவம். அதில் அவருக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

சாப்பாடு வாங்க வருகிறவர்களில் ஒரு அக்கா. அவருடைய வீட்டுக்காரருக்குச் சுகரால் காலில் புண், வெளியே நடக்க முடியாது. "இந்த மாதிரிச் சாப்பாட்டையே குடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு டீச்சர். நம்ம சோறுன்னா மனுசன் மொகஞ்சுளிக்காம சாப்புடுறாரு" என்று அவர் சொன்ன அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வாராவாரம் எவர்சில்வர் தூக்குவாளியோடு வந்துவிடுவார்.

அந்த ஞாயிறு, என்ன தோன்றியதோ, அதிகாரி தானே கரண்டியை வாங்கிக்கொண்டு பரிமாற நின்றார். அக்கா வாளியை நீட்டினார். இவர் குனிந்து அதை மோந்து பார்த்தார். ஆமாம், மோந்து பார்த்தார்!

"இதுல கறிக்கொழம்பு ஊத்துவீங்கல்ல? இது சுத்தமான சாப்பாடு. இந்தப் பாத்திரத்துல ஊத்த முடியாது. வேணும்னா இங்கயே எலையில சாப்பிட்டுப் போங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன்? சுண்டலைக் கிளறிக்கொண்டு நின்றேன். இடம் போய்விடுமே என்ற பயம். நாலு வருஷத்துக்கு முன்புவரை என் வீட்டிலும் ஞாயிறு என்றால் கறிதான். அதே சட்டிதான் இன்றும் என் அடுப்பில் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்கா கத்தவில்லை. சோற்று அண்டாவைக் காட்டினார்.

"சார், இந்த அண்டா வாடகைக்கு வந்த கடையில பாத்திரம் வெளக்குறவ நான். முந்தாநேத்து சமயநல்லூர்ல ஒரு கெடாவெட்டு. அம்புட்டுக் கறியும் இதுலதேன் வெந்துச்சு. நேத்து இதத் தேச்சு வெளக்குனது நாந்தேன். எங்கையால வெளக்குன அண்டா சுத்தமாம், எங்கையால வெளக்குன வாளி ஆகாதாம்ல?"

மூடியை அழுத்தி மூடிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

அதிகாரி அண்டாவைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். அரை மணி முன்புதான் அதே சோற்றை ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு 'பிரமாதம்' என்றவர்! கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இலவசமாகப் போடுகிறோம் என்றால் மனுஷரை மோந்து பார்க்கலாமா? இந்தப் பாத்திரத் தீட்டு எங்கிருந்து வருகிறது என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? ஆரோக்கியச் சாப்பாடு என்ற பேரில் அதற்கு நானல்லவா பந்தல் போட்டுக் கொடுத்திருக்கிறேன்!

கதவைத் தட்டி, "உங்க ஷெட்டே வேணாம் சார்" என்றேன். சொன்னது சரி. சொன்ன நேரம்தான் தப்பு. கேட்க வேண்டிய அக்கா போய்விட்டாரே.

என் பாத்திரத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். உள்ளே வரச் சொல்லவில்லை.

"அந்தாளு எனக்கு யாரு டீச்சர்? அவர் பேசுனதத் தொடச்சுப் போட்டுருவேன். நீங்க வாயவே தொறக்கலயே."

பாத்திரத்தை நீட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் விழுந்ததா, தெரியாது. உள்ளேயிருந்து வீட்டுக்காரர், "மணி ரெண்டாச்சு, பசிக்குதுடி" என்றார். அதற்காகத்தான் வாங்கினார். தன் சட்டியில் கொட்டிக்கொண்டு, என் பாத்திரத்தைக் கழுவி, அதில் ரெண்டு எலுமிச்சம்பழத்தைப் போட்டு நீட்டினார்.

"வெறும் ஏனமா குடுக்கக் கூடாதுல்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

இப்போது என் வீட்டு மாடியில்தான் சமைக்கிறோம். மூன்று வாரம் கழித்து அக்கா வாளியோடு வந்தார், இன்றும் வருகிறார். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று எனக்கும்தான் சொல்லி வளர்த்தார்கள். அத்தனை பேர் பார்க்க இந்த வாளியை வெறுமனே போக விட்டேனே என்று, ஞாயிறுதோறும் அதில் சோறு அள்ளி வைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.