பாண்டித்துரைக்குப் பாடிய ஒப்பாரி

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் ஒச்சாயி இருபத்தெட்டு வருடமாக நிற்கிறாள். ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், எதுவும் அவள் கைக்குத் தப்பாது. அந்த வாரம் மட்டும் எல்லாம் தப்பியது.

"ஏனுங்க ஒச்சாயிக்கா, விரல் போற ஓட்ட. இதயும் பாஸ் பண்ணி உட்டிருக்கீங்க. ஊட்டுல ஏதாச்சும் பிரச்சினைங்களா?" என்று கேட்டான் சூப்பர்வைசர் சசிகுமார்.

"ஒண்ணுமில்ல தம்பி. கண்ணு மங்குது."

கண் நன்றாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை வந்த ஒரு போன்தான் அவளை நிற்க விடவில்லை. சென்னையில் நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேர்த்து வைக்கும் காப்பகம் ஒன்றிலிருந்து அக்ஷரா என்ற பெண் பேசினாள். பல நாட்டுக் கிராமங்களில் பதிவு செய்த பழைய டேப்புகளை எல்லோரும் கேட்கும்படி இணையத்தில் விடப் போகிறார்களாம். அதில் ஒச்சாயி பாடிய ஒப்பாரி ஒன்று, பதினொரு நிமிடம். "வேண்டாம்" என்றாள் ஒச்சாயி. அதையும் எழுத்தில்தான் வாங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்று சொல்லி அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

1990இல் உசிலம்பட்டிப் பக்கம் அவள் ஊருக்கு ஒரு வெளிநாட்டுக்காரர் டேப் மெஷினோடு வந்தார். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்பதால், ஐந்து பெண்களைச் சுடுகாட்டுப் பாதையில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் செத்தவரைச் சொல்லிப் பாடினாள். பத்தொன்பது வயது ஒச்சாயிக்குச் சொல்ல ஆள் இல்லை. அப்பன், ஆத்தா, அண்ணன்மார் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். முந்தின வாரம்தான் குழாயடியில் தெருவே பார்க்கப் புருஷன் பாண்டித்துரை அவளை அறைந்திருந்தான். அந்தக் கோபத்தோடு வாயைத் திறந்தாள். புருஷன் பெயரை வாயால் சொல்லாத ஊரில், பெயரைச் சொல்லியே அவனைப் பாடையில் ஏற்றினாள். பக்கத்தில் இருந்தவள் அவள் வாயைப் பொத்தப் போனாள். டேப் ஓடுகிறது என்று வெளிநாட்டுக்காரர் கைகாட்டித் தடுத்துவிட்டார்.

கூட இருந்த நால்வரும் இன்றுவரை மூச்சு விடவில்லை. பாண்டித்துரைக்கு இப்போது அறுபது வயது. போன மாதம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, வீட்டோடு இருக்கிறார். இந்த நேரத்தில் அவர் சாவை அவள் குரலிலேயே அவர் கேட்டால்? அன்று பாடியது இன்று பலித்துவிட்டால்? ராத்திரி அவர் மூச்சு சீராக வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்திருந்தாள். இரண்டு நாள் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தாள்.

ஞாயிறு காலை அவரை முடிவெட்ட அனுப்பிவிட்டுத்தான் அக்ஷராவை உள்ளே கூப்பிட்டாள்.

"எனக்கும் இந்தப் பக்கந்தானுங்க, வெள்ளகோவில்" என்று சொல்லிக்கொண்டே அக்ஷரா பேப்பரை எடுத்தாள். "பழைய பதிவுல 'ஒச்சாயி, விதவை'ன்னு இருக்குதுங்க. ஊட்டுக்காரர் தவறுனது எந்த வருசமுங்க?"

"யாரு விதவை?" என்றது வாசலில் ஒரு குரல். கடையில் கூட்டம் என்று பாண்டித்துரை திரும்பி வந்திருந்தார்.

"ஐயா யாருங்க?"

"இவ புருசன்."

அக்ஷரா தயங்கினாள். "ரெண்டாவதுங்களா?"

"நான் ஒருத்தன்தான் தாயி. இன்னும் சாகல. என்ன பாட்டு அது? போடு, கேப்போம்."

"வேணாம். அதிர்ச்சி ஆகாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு" என்று ஒச்சாயி நடுவில் வந்து நின்றாள்.

"இம்புட்டு நாளு உங்கூட இருந்துட்டேன். இதுக்கு மேல என்ன அதிர்ச்சி? போடு தாயி."

அக்ஷராவின் போனில் முதலில் காக்கை கத்தியது. பிறகு பத்தொன்பது வயதுக் குரல் கிளம்பியது. ஒச்சாயி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைக்குள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*பட்டுத்துண்டு தோள்கெடக்கப் பவனி வந்த மகராசா*
*பாண்டித்துரைன்னு பேரு சொன்னா பாதி ஊரு எந்திரிக்கும்*

"எனக்கு ஏதுடி பட்டுத்துண்டு?"

"செத்தவன ராசான்னுதான் பாடணும். உள்ளதச் சொல்லியா பாட முடியும்?"

"எதுக்குப் பாடுன?"

"கொழாயடியில அறஞ்சேல்ல."

பாட்டை முழுதும் கேட்டார். பிறகு, "கார்த்திக மாசம்" என்றார். "கொடத்தையும் போட்டு ஒடச்சேன்."

ஒச்சாயி தலையசைத்தாள்.

"வெளிய விடு தாயி" என்றார் அக்ஷராவிடம். "நாலு நாட்டுக்காரன் கேக்கட்டும். ராசான்னு ஒரு தடவ சொன்னது இதுல மட்டுந்தான் இருக்கு."

"விட மாட்டேன். அழிச்சுரு கண்ணு."

"டேப்ப அழிக்க முடியாதுங்க" என்றாள் அக்ஷரா. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு கட்டத்தைக் காட்டினாள். "இத்தன வருசம் கழிச்சு வெளியிடலாம்னு எழுதிக் குடுக்கலாமுங்க. அதுவரைக்கும் பூட்டி வெச்சுருவோம்."

அது ஒச்சாயிக்குச் சரி என்று பட்டது. பேனாவை வாங்கி, முதலில் மனதில் வந்த எண்ணைப் போடப் போனாள். பத்து. கை நின்றுவிட்டது. பத்து என்றால் அதற்குப் பிறகு? இருபது என்றால் மட்டும்? எதை எழுதினாலும் அது அவருக்கு அவள் குறித்துக் கொடுக்கும் கெடுவாக இருக்கும். பாண்டித்துரையும் பேனா முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கட்டத்துல எம்புட்டுப் பெரிய நம்பரு போடலாம் கண்ணு?"

"ரெண்டு இலக்கந்தாங்க."

99 என்று தாள் கிழியும்படி அழுத்தி எழுதி, கீழே தன் பெயரையும் போட்டாள்.

பாண்டித்துரை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "நூத்தி அம்பத்தொம்பது வயசு வரைக்கும் இவகூடயேவா தாயி?"

"ஆமாங்க" என்றாள் அக்ஷரா. "கையெழுத்துப் போட்டுட்டாங்க."