மாமா கேட்ட ஒன்று

இன்று சாம்பல் புதன். பெரம்பலூர் கோயிலில் சாமியார் என் நெற்றியில் சாம்பல் பூசினார். எரிந்த குருத்தோலையின் வாடை மூக்கில் ஏறியதும் ரெட்டிபாளையத்து வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பா அங்கே ஒரு சிமெண்ட் ஆலையில் ஃபோர்மேன். அவருடைய கவனக்குறைவால் ஒரு நாள் மோட்டார் எரிந்துபோனது. பழியை, தன்னோடு வேலை பார்த்த அந்தோணி மாமா மேல் போட்டார். மாமாவுக்கு வேலை போயிற்று. அந்த வருடச் சாம்பல் புதனன்று அப்பா சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, நெற்றிச் சாம்பலோடு வீட்டுக்கு வந்தார்.

"சாமியார்கிட்ட சொல்லிட்டீங்க. அந்தோணி அண்ணன்கிட்ட யாரு சொல்றது?" என்றாள் அம்மா.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு மாமா வீட்டுக்கு நடந்தார். வாசலிலேயே மண்டியிட்டு, எல்லாவற்றையும் சொல்லி அழுதார். மாமா அவரைத் தூக்கி நிறுத்தினார்.

"மன்னிச்சுட்டேன் மச்சான். நாளைக்கு ஆபீஸ்ல வந்து இதையே சொல்லிருவீங்களா?"

அப்பா மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனார். ஆபீஸில் கடைசிவரை சொல்லவில்லை. மாமா குடும்பம் மீன்சுருட்டிக்குப் போய்விட்டது. சாகும்வரை அப்பா எந்தத் தவக்காலத்திலும் நோன்பை விட்டதில்லை.

கோயில் படியில் இறங்கும்போது என் மகள் கேட்டாள்: "தாத்தா ரொம்ப பக்தியாம்மா?"

"நெறைய அழுவாருடி" என்றேன்.