சந்தனப் பொட்டு வைத்த ரிவால்வர்

இரண்டு வருடத்துக்கு முன்பு, மாசி மாதக் கடைசியில் நடந்தது இது. எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. தென்னையும் நிலக்கடலையும் போடும் விவசாயக் குடும்பம். நான் பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரே மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். அவனைப் பற்றிக் கவலைப்படுவதுதான் எனக்கு முதல் உத்தியோகம், பள்ளிக்கூடம் இரண்டாவதுதான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

அந்தத் தை மாதம் என் மாமனார் தவறிப்போனார். நிலம், மோட்டார், டிராக்டர் எல்லாவற்றையும் பிள்ளைகள் இரண்டு பேரும் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்க முடியாமல் மிஞ்சியது ஒரு ரிவால்வர்.

மாமனாரின் அப்பா அந்தக் காலத்தில் இடுக்கிப் பக்கம், சக்குபள்ளத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். தோட்டத்துத் துரை சீமைக்குக் கப்பல் ஏறும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது என்பது குடும்பக் கதை. கைக்கு அடக்கமாக, கட்டைக் குழலோடு, ஒரு பெரிய கத்தரிக்காய் கனத்தில் இருக்கும். அதை யாரும் சுட்டுப் பார்த்ததில்லை. விசை அசையாது. குண்டு போடும் உருளை சுற்றாது. அதனால் அதற்கு வீட்டில் வைத்த பெயர் செத்த துப்பாக்கி.

செத்த துப்பாக்கிக்கு மரியாதை மட்டும் குறைந்ததில்லை. ஆயுத பூஜை வந்தால் அரிவாள், மண்வெட்டி, மோட்டார் ஸ்பேனர், டிராக்டர் சாவி எல்லாவற்றுக்கும் நடுவில், மஞ்சள் துணி விரித்து அதை வைப்பார்கள். மாமனார் எண்ணெய் தடவி, சந்தனத்தைக் குழைத்து மேலிருந்து கீழ்வரை பூசி, குங்குமம் வைப்பார். மறுநாள் அப்படியே துணியில் சுற்றி பீரோவுக்குள் போய்விடும். பூஜையில் வைத்த ஆயுதத்தைப் பிரிக்கக் கூடாது, துடைக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. அந்தச் சந்தனத்தை வருடா வருடம் அரைத்துக் கொடுத்தது நான்தான். தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பொட்டோடு போகும், பொட்டோடு திரும்பி வரும்.

லைசென்ஸ் மாமனார் பெயரில் இருந்தது. அவர் போன பிறகு உடனே ஸ்டேஷனில் சொல்லி ஒப்படைப்பதுதான் முறை. நான் கருமாதி முடிந்த வாரமே சொன்னேன். கேட்டால்தானே.

"அண்ணி, இப்படியே கொண்டுபோனா பழைய இரும்புன்னு வெட்டிப் போட்டுருவாங்க. வேலை செய்யற மாதிரி இருந்தாத்தான் வாரிசுக்கு லைசென்ஸ் மாத்தித் தருவாங்க" என்றார் என் கொழுந்தனார். யார் சொன்னது என்று கேட்டேன். டீக்கடையில் யாரோ சொன்னார்களாம்.

"அதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"கடலைக்காட்டுல பன்னி வருதுல்லீங்க."

காட்டுப்பன்றி பத்தடி தூரத்தில் வந்து நின்றுகொண்டு, சுடுங்கள் என்று காட்டிக்கொண்டிருக்குமா? என் கணவரைப் பார்த்தேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர், "அப்பா ஞாபகமா இருக்கட்டும் புள்ள" என்றார். அதற்கு மேல் நான் பேசினால் மாமனாரை மதிக்காத மருமகள் ஆகிவிடுவேன்.

முதலில் அது என்ன துப்பாக்கி என்று கண்டுபிடிக்கக் கிளம்பினார்கள். மகன் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். அவ்வளவுதான். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் சொந்தக்காரர் ராணுவத் துப்பாக்கி என்றார். போடிமெட்டுப் பக்கம் எஸ்டேட்டில் இருக்கும் மாமா ஒருவர், அங்கே எல்லாத் துரைகளும் இதைத்தான் இடுப்பில் சொருகியிருந்தார்கள் என்று, நேரில் பார்த்தவர் மாதிரி எழுதினார். சந்தனத்துக்கு நடுவே, முட்டை வடிவ முத்திரைக்குள் மூன்று ஆங்கில எழுத்துகள் லேசாகத் தெரிந்தன. அது துரையின் இனிஷியல் என்று முடிவானது. பழம்பொருள் சந்தையில் இதற்கு என்ன விலை வரும் என்று ஒருவர் ஆரம்பிக்க, அதற்குக் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. நான் ஒரே ஒரு செய்தி போட்டேன், ஸ்டேஷனில் கொடுத்துவிடலாம் என்று. அதற்கு மட்டும் யாரும் பதில் போடவில்லை.

பிறகு ரிப்பேர் ஆரம்பித்தது. மோட்டார் ரூம் முன்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பில் டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி அதில் அதை ஊறப் போட்டார்கள், உளுந்து ஊறப் போடுவதைப் போல. சிமெண்ட் மாதிரி இறுகியிருந்த சந்தனம் மேலே மட்டும் கரைந்து, டீசல் காவி நிறமானது. உருளையைக் கழற்ற முடியவில்லை. பம்ப்செட் கழற்றும் ஸ்பேனரைக் கொண்டுவந்தார் கொழுந்தனார். மரச் சுத்தியலால் தட்டினார்கள். லீவுக்கு வந்திருந்த என் மகன் கையில் போனை வைத்துக்கொண்டு, அதில் ஏதோ வெளிநாட்டுக்காரர் வேறு ஏதோ துப்பாக்கியைப் பிரிப்பதைப் பார்த்து இவர்களுக்கு யோசனை சொன்னான். இருபது வயதுப் பிள்ளைக்கு அறிவு சொல்ல வேண்டிய இரண்டு பேரும் அவனிடம் அறிவு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க, வேண்டாங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்குது" என்று கணவரிடம் சொன்னேன்.

"உனக்கு எதுக்குத்தான் என்னமோ மாதிரி இல்ல? அவன் பைக் எடுத்தாலும் என்னமோ மாதிரி, கிணத்துல குளிச்சாலும் என்னமோ மாதிரி."

மூன்று பேரும் சிரித்தார்கள். எப்போதும் கவலைப்படுகிறவள் சொன்னால் இப்படித்தான். நிஜமான ஆபத்துக்கும் அதே பதில்தான் கிடைக்கிறது.

அடுத்த நாள் மத்தியானம் விசை அசைந்துவிட்டது. கொழுந்தனார் கூப்பிட்ட சத்தம் பெருமாள் கோயில் வரை கேட்டிருக்கும். நான் மோர் எடுத்துக்கொண்டு போனேன். போகிற வழியிலேயே எனக்குத் தெரிந்த காட்சி இதுதான்: கொழுந்தனார் திண்டில் உட்கார்ந்து துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். என் மகன் அவருக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து, போன் டார்ச்சை அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழல் வாய்க்குள் பார்க்கிறான்.

"உள்ள என்னமோ அடைச்சிருக்குது சித்தப்பா."

"இரு, அழுத்திப் பாக்கறேன்."

டக் என்று ஒரு சத்தம். பின்னால் இருந்த சுத்தி போய் அடித்த சத்தம். வேறொன்றும் ஆகவில்லை. "உசிரு வந்துருச்சுங்கோ" என்றார் கொழுந்தனார். மகன் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக ஞாபகமில்லை. விளையாட்டுத் துப்பாக்கியைக்கூட மனுசன் முகத்துக்கு நேராக நீட்டக் கூடாது என்று தொடங்கி எங்கெங்கோ போனேன்.

"செத்த துப்பாக்கிம்மா" என்றான் மகன்.

அன்று சாயந்திரம் நான் சாப்பாடு போடவில்லை. அதற்குத்தான் பலன் இருந்தது. மறுநாள் கணவர் ஸ்டேஷனுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. உருளை திறக்காததால், பாலக்காட்டில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து, சோதித்து, ரசீதோடு வரச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். பாதுகாப்புக்கு ஒரு போலீஸ்காரரும் வந்தார். மகன் கார் ஓட்ட, கணவரும் கொழுந்தனாரும் ஏற, நானும் ஏறிக்கொண்டேன். நான் வருவதற்குக் கணவர் முகம் சுளித்தார். நான் அதற்குக் கவலைப்படவில்லை.

கடைக்காரர் மலையாளி, அறுபது வயதிருக்கும், துப்பாக்கியைத் தோக்கு என்றுதான் சொன்னார். மஞ்சள் துணியைப் பிரித்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கிழக்கேருந்து வர்ற தோக்கெல்லாம் இதே கதை. இது தோக்கா, பகவதியா? அபிஷேகம் செஞ்சிட்டு எங்கிட்ட கொண்டாந்துடறீங்க."

கொழுந்தனாருக்குக் கோபம். இது சாதாரணத் துப்பாக்கி இல்லை, துரை வைத்திருந்தது என்றார். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டு முட்டை வடிவ முத்திரையைத் துடைத்துப் பார்த்தார்.

"துரை கையில இருந்திருக்கலாம். ஆனா இது இங்கிலீஷ் தோக்கு இல்ல. அதைப் பாத்து பெல்ஜியத்துல செஞ்ச நகல். இந்த எழுத்து அங்கத்த சோதனை முத்திரை. அந்தக் காலத்துல சாக்குல கட்டி வித்த சரக்கு."

துரையின் இனிஷியல் அத்தோடு போனது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷம் பத்து நிமிடம் நீடித்திருக்குமா, தெரியாது.

அவர் எங்கள் எல்லோரையும் மேசைக்குப் பின்னால் போகச் சொன்னார். குழலை மணல் நிரப்பிய பெட்டிக்கு நேராக வைத்து, ஒரு பிடிக்குள் இறுக்கினார். உருளையின் நடுத்தண்டில் ஏதோ ஊற்றி, காத்திருந்து, மெல்ல மெல்ல அதை உருவினார். உருளை தனியாக வந்தது. ஐந்து ஓட்டைகள். ஐந்திலும் கல்லாக இறுகிய சந்தனமும் எண்ணெய்ப் பிசினும். ஒரு மரக்குச்சியால் சுரண்டினார். மூன்று ஓட்டைகள் காலி. நான்காவதில் இருந்து ஒரு தோட்டா விழுந்தது. மங்கிய பித்தளை, அடியில் குங்குமம்.

ஐந்தாவதில் இருந்தும் ஒரு தோட்டா வந்தது. விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அதை உள்ளங்கையில் வைத்து எங்களிடம் நீட்டினார். அதன் அடியில் பூசியிருந்த சந்தனப் பொருக்கு நடுவில் மட்டும் உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் பித்தளையில் ஒரு சின்னக் குழி. மற்ற இடமெல்லாம் கறுத்திருக்க, அந்தக் குழி மட்டும் பளபளவென்று புதிதாக மின்னியது.

"இது இப்ப விழுந்த அடி. ஆரு விசையை வலிச்சது?"

கொழுந்தனார் பக்கத்தில் இருந்த ஸ்டூலைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். மகன், "அப்போ நான் உள்ள பாத்தப்போ..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. அவன் கை தானாகவே முகத்துக்குப் போய், இடது கண்ணை மூடிக்கொண்டது.

ஏன் வெடிக்கவில்லை என்று கணவர் கேட்டார். "சந்தனம் நடுவுல நின்னு அடியை வாங்கியிருக்கலாம். மருந்து செத்திருக்கலாம். எதுன்னு நான் சொல்ல முடியாது. இன்னொரு தடவை வலிச்சா வெடிச்சிருக்குமோ, அதும் சொல்ல முடியாது" என்றார் கடைக்காரர். அவர் சந்தேகமில்லாமல் ஒன்று சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் இன்றும் நம்ப முடியாதது. கொஞ்ச நேரம் கழித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு என் கணவர் கேட்டார்: "இதை ரெடி பண்ண முடியுங்களா?"

ஸ்பிரிங் மாற்ற வேண்டும், தண்டு செய்ய வேண்டும், அனுமதி வந்தால் பார்க்கலாம் என்று கடைக்காரரும் பதில் சொல்கிறார். எனக்குக் கத்தத் தோன்றவில்லை. கத்திக் கத்தித்தான் என் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டதே.

"ஏனுங்க, அது ஊட்டுக்கு வந்தா நானும் பையனும் வரலீங்க" என்றேன். அவ்வளவுதான். கணவர் என்னைப் பார்த்தார், பிறகு காருக்குப் போய்விட்ட மகனைக் கண்ணாடி வழியே பார்த்தார். ஸ்டியரிங்கில் தலையை வைத்து உட்கார்ந்திருந்தான். போலீஸ்காரர்தான், வேண்டாம் என்றால் அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். முதலில் கையெழுத்துப் போட்டது கொழுந்தனார். திரும்பும்போது காரை என் கணவர் ஓட்டினார். மகன் பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்தான்.

விஷயம் வாட்ஸப் குழுவுக்கும் போனது. இப்போது எல்லோருக்கும் ஒரே கருத்து: சந்தனம்தான் பிள்ளையைக் காப்பாற்றியது, பூஜையின் மகிமை, இப்படிப்பட்ட தெய்வ சக்தியுள்ள பொருளைப் போய் அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டீர்களே. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னைப் பிடித்து இதையே சொல்கிறார்கள். அந்தச் சந்தனம்தானே இரண்டு தோட்டாக்களை இத்தனை வருடம் மூடி வைத்தது என்று நான் திருப்பிக் கேட்பேன். எத்தனை பேர் அதைக் கும்பிட்டோம், ஒருவராவது திறந்து பார்த்தோமா? டீச்சர் எதையும் நம்ப மாட்டாள் என்று போய்விடுவார்கள்.

போன ஆயுத பூஜைக்கு மகன் வந்திருந்தான். நான் வழக்கம்போல் சந்தனம் அரைத்து வைத்தேன். மருந்தடிக்கும் டேங்க்கை வரிசையில் வைக்கப் போன அவன், யாரும் சொல்லாமலே மூடியைத் திறந்து, உள்ளே அடியில் நின்ற பூச்சிமருந்தைப் பார்த்து, வெளியே கொண்டுபோய்க் கழுவி எடுத்துவந்தான். கொழுந்தனார் கேலி செய்யாமல் டிராக்டர் சாவிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனாலும் அவன் ஊசியில் நூல் கோர்க்கவோ, போனில் எதையோ உற்றுப் பார்க்கவோ ஒரு கண்ணை மூடினால், என்னையறியாமல் அவன் பெயரைக் கூப்பிட்டுவிடுகிறேன், "என்னம்மா?" என்று அலுத்துக்கொண்டு அவன் திரும்பிப் பார்க்கும்போது, இந்த அலுப்பைக் கேட்கக்கூட எனக்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.