என் மூச்சுக்கு எத்தனை வாட்

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடம் சவுதியில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் எத்தனை வாட் என்றுதான் முதலில் கேட்பார். என் நுரையீரல் கெட்டுப்போய், புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து ஆக்சிஜன் மிஷினோடு கூனிமேட்டுக்கு வந்த அன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்து அழுதார்கள். இவர் மட்டும் மிஷினைத் திருப்பி, அதன் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "முந்நூத்தி முப்பது," என்றார். எனக்கு வந்த கோபத்தில் இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

அதன் பிறகு இரண்டு வருடம் அந்த ஒரே அறைதான். வெளியே போனால் கையில் தூக்குகிற சின்ன சிலிண்டர் இரண்டு மணி நேரம் தாங்கும். டாக்டரைப் பார்த்துவிட்டு ஓடி வந்து பிளக்கில் மாட்டிக்கொள்ள வேண்டும். கல்யாணத்துக்குப் போனால் பிரியாணி வருவதற்குள் கிளம்பிவிடுவேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"ஏங்க, ஒரே ஒரு ராத்திரி வேற எங்கயாவது படுத்து எழுந்திரிக்கணும். இந்தச் சுவத்தப் பாத்துக்கிட்டே மவுத்தாயிடுவேனோன்னு பயமா இருக்குது."

இரண்டு வாரம் கழித்து வாசலில் ஒரு பழைய வேன் நின்றது. சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் போட்டார். அப்புறம் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப்போட்டு எது எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று லோடு கணக்கு எழுத உட்கார்ந்தார். மிஷின், ஒரு லைட், மருந்துக்குச் சின்ன ஃபிரிட்ஜ், என் தலைமாட்டில் ஒரு ஃபேன். அவ்வளவுதான்.

"உங்களுக்கு ஃபேன்?"

"எனக்கெதுக்கு? அந்தக் கரண்ட் இருந்தா உனக்கு அரை மணி நேரம் கூட ஓடும்."

"சவுதில ஏசி ரூம்லயே இருந்த ஆளாச்சே. போன்ல அப்படித்தானே சொன்னீங்க?"

சிரித்தார். "ஏசி இருந்துச்சு. அதுக்குக் கீழ படுக்கப் பத்து பேரு முறை வெச்சிருந்தோம்."

நானும் யோக்கியமில்லை. இங்கே விடிய விடிய விசிறியால் பிள்ளைகளுக்கு வீசிக்கொண்டு, போனில் "கரண்டெல்லாம் நல்லா இருக்குதுங்க" என்று சொன்னவள்தான். பேனாவைப் பிடுங்கி, என் கையெழுத்தில் இன்னொரு ஃபேன் என்று எழுதினேன்.

பேட்டரி வாங்க நானும் போனேன், சிலிண்டரோடு. கடைக்காரர், எல்லார் வீட்டிலும் இன்வெர்ட்டருக்குக் கீழே உட்கார்ந்திருக்குமே, அந்தப் பெரிய ஆசிட் பேட்டரியைத்தான் காட்டினார். கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க என்றார்.

"சார்ஜ் ஆவும்போது அது கேஸ் விடும்," என்றார் இவர். "மூடின வண்டிக்குள்ள இவ பக்கத்துல அத வெக்க முடியாதுங்க. பாதிக்கு மேல கரண்ட் எடுத்தாலும் சீக்கிரம் செத்துடும்."

கடைக்காரர் என் மூக்குக் குழாயைப் பார்த்தார். லித்தியம் பேட்டரி இரண்டை எடுத்து வைத்தார். கூரைக்கு இரண்டு பெரிய சோலார் பேனல். ராத்திரி பேட்டரி ஓட்டும், பகலில் வெயில் மிஷினையும் ஓட்டிப் பேட்டரியையும் நிரப்பும். காகிதத்தில் கணக்குச் சுத்தமாக இருந்தது.

மாட்டிய நாளிலிருந்து பேனலுக்கு ராஜ உபசாரம். விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்தவுடன் ஏணி போட்டு ஏறி, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். என்னைக்கூட இப்படிக் குளிப்பாட்டியதில்லை என்று கேலி செய்வேன். ஒரு மாதம் கழித்துச் சோதனை வைத்தார். வீட்டு வாசலிலேயே வண்டிக்குள் நான் இரண்டு பகல் இருக்க வேண்டும், ராத்திரி மட்டும் அறைக்கு வந்துவிடலாம். வண்டியில் வீட்டுக் கரண்டைத் தொடக் கூடாது.

முதல் நாள் சாயங்காலம் பேட்டரி மீட்டர் நாற்பது சதவீதம்தான் காட்டியது. மேகம் போட்டிருக்கு என்றார். வானத்தில் தேடினாலும் ஒரு மேகம் கிடையாது. இருபத்திரண்டு வருட சர்வீஸை எதிர்த்துப் பேச முடியுமா?

மறுநாள் மதியம் நான் அசந்து தூங்கும்போது மிஷின் கத்தியது. அப்புறம் நின்றது. எழுந்து உட்கார்ந்தேன், காற்று உள்ளே வரவில்லை. இவர் சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. என்னைத் தூக்கி வந்து அறையில் படுக்க வைத்தார்.

"வேணாம். இங்கியே இரு. நீ இருந்தா போதும் எனக்கு."

அவர் அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அந்தச் சுவரும் அதே இடத்தில்தான் இருந்தது. "எனக்குப் போதாதுங்க," என்றேன். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

மூன்று நாள் இவர் வண்டிப் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் என் தொல்லை தாங்காமல் பக்கத்து மரக்காணத்துக்குப் போய், உப்பளத்தில் சோலாரில் மோட்டார் ஓட்டுகிற ஒருவரைக் கூட்டி வந்தார். வந்தவர் ஏணியில் ஏறினார், பேனலை நகத்தால் சுரண்டினார், விரலை நாக்கில் வைத்தார்.

"எந்தத் தண்ணில கழுவுறீங்க பாய்?"

"நம்ம போர் தண்ணிதான். தினமும் கழுவுறேன்."

"அதான். தினமும் மேல உப்பு வெளைய வெச்சிருக்கீங்க. இந்த உப்புத் தண்ணிய ஊத்தி வெயில்ல காய வுட்டா இன்னா ஆவும்? நாங்க அதத்தானே பொழப்பா செய்யுறோம்! பேனலுக்கு நாங்களே குடிக்கிற கேன் தண்ணிதான் ஊத்துறோம் பாய்."

இவர் உப்பளத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதர். எங்கள் வீட்டுப் பக்கெட் ஒவ்வொன்றும் வெள்ளை பூத்துக் கிடக்கும். பாசம் முற்றி, என் மூச்சின் மேலேயே ஒரு உப்புப் பாத்தி கட்டிவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருமினேன், மறுபடி சிரித்தேன்.

இவர் கேன் தண்ணீரை ஊற்றி ஊற்றித் துடைத்தார். மறு சோதனையில் இரண்டு பகலும் மீட்டர் இறங்கவே இல்லை. அப்போதும் அவர் தைரியம் திரும்பவில்லை. நான்தான் பிஸ்மில்லா சொல்லி முதலில் ஏறி உட்கார்ந்தேன். தரங்கம்பாடிக் கடற்கரை ஓரம் வண்டியை நிறுத்தினோம். ராத்திரி இஷா தொழுதவுடன் நான் தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. அலைச் சத்தம் கேட்டது. வீட்டிலும் கேட்கும், ஆனால் இது வேறு ஊர் அலை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டருக்கு எதிரே இவர் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"ராத்திரி பூரா தூங்கலியா?"

"நீ நல்லா மூச்சு வுட்ட. அதக் கேட்டுட்டு இருந்தேன். சவுதில இருந்தப்ப இதெல்லாம் கேக்கலியே."

நான் எழுந்தேன். பின்கதவைத் திறந்து படியில் உட்கார்ந்தேன். குழாய் அதுவரை எட்டியது. காலைக் கீழே வைத்தேன். மணல் ஈரமாக, ஜில்லென்று இருந்தது. இரண்டு வருடம் கழித்து என் காலில் மணல்.

"படுங்க," என்றேன். "மீட்டர நான் பாத்துக்கறேன்."

என் கட்டிலிலேயே படுத்தார். படுத்த உடனே குறட்டை. வெயில் ஏற ஏற மீட்டரும் ஏறியிருக்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.