பிடி ஆடுகிற கரண்டி

ராஜபாளையத்தில் என் மனைவியின் அண்ணன் வீடு கட்டியபோது, வாசல் நிலை வைக்கிற அன்று, சொந்தபந்தமெல்லாம் ஆளுக்கொரு கரண்டி சிமெண்டுக் கலவை வைத்தோம். நான் எடுத்த வேகத்தில் கலவை முழுவதும் என் வேட்டியில் விழுந்தது. மச்சான் அதை வீடியோ எடுத்து, ‘மாப்ள வேட்டிக்குப் பூச்சு வேலை’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். இரண்டாவது தடவை வடை கேட்டு வாங்கித் தின்றேன். ஆனால் கறுவிக்கொண்டே தின்றேன்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் மாடி எடுக்கிறோம். நிலை வைக்க மச்சான் வந்தே ஆகவேண்டும். அவர் கையில் கொடுக்க ஒரு கொத்தனார் கரண்டி தேடிக் கடைக்குப் போனேன்.

நல்ல கரண்டியை எப்படிப் பார்ப்பது என்று கொத்தனாரிடம் முன்பே கேட்டிருந்தேன். தகடும் கழுத்தும் ஒட்டில்லாமல் ஒரே இரும்பாக இருக்கவேண்டும். பிடி அசையக் கூடாது. அந்த இலக்கணத்தையே தலைகீழாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன்.

“எல்லாரும் ஆடாததைத்தான கேப்பாவ? நீங்க ஆடுறதாப் பொறுக்குதீய?” என்றார் கடைக்காரர்.

“ஆடணும் அண்ணாச்சி. ஆனா பாக்கதுக்குத் தெரியக் கூடாது.”

“அப்போ இதைக் கொண்டுபோங்க. வாங்குனவன்லாம் திருப்பிக் குடுத்துட்டான்.”

நிலை வைக்கிற நாளில் கொத்தனார் நிலைக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு புதுக் கரண்டிக்கும் பொட்டு வைத்தார். நான் அதை மச்சானிடம் நீட்டினேன்.

“செத்த பொறுங்க,” என்றார் கொத்தனார். “புதுக் கரண்டியை வீட்டுக்காரவியதான் முதல்ல தொடணும். புருசனும் பொஞ்சாதியும் சேந்து பிடிங்க.”

பழிவாங்குகிற மும்முரத்தில் இந்த வழக்கம் மறந்தே போயிற்று.

“மச்சான் மூத்தவிய, அவியளே வைக்கட்டுமே,” என்று கெஞ்சினேன்.

மச்சான் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். “வைங்க மாப்ள. வேட்டி பத்திரம்.”

கலவையை அள்ளி, கரண்டியின் கழுத்தை விரலால் இறுக்கிக்கொண்டேன். மனைவி ஆசையாகத் தன் கையை என் கைமேல் வைத்து அழுத்தினாள். பிடி ஒரு சுற்றுச் சுற்றியது. என் வேட்டியில் ஒரு துளி இல்லை. அவ்வளவும் அவள் பட்டுப்புடவையில்.

மச்சான் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். செல்போனைச் சத்தமில்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“ஆடுதுன்னு தெரிஞ்சா வாங்குனீய?” என்று மட்டும் கேட்டாள். என் முகமே பதில் சொல்லியிருக்கும்.

அந்தக் கரண்டி இப்போது அவளுடைய ரோஜாத் தொட்டிகளுக்கு. மண் கிளறுவது நான். பிடி சுற்றி, மண் என் முகத்தில் தெறிக்கும்போதெல்லாம், நல்லதாக ஒன்று வாங்குவோமே என்பேன்.

“எதுக்கு? பாத்துப் பாத்து எடுத்ததுல்லா?” என்பாள்.