துளைக்கல்

மெர்ரனுக்கும் ஆலிவருக்கும் தேவாலயத்தில் கல்யாணம் ஆகவில்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் அந்தக் காலத்து ஏழைபாழைகளுக்கு அது பெரிய குறையும் இல்லை. ஏரிக்கரையில் வட்டமாக நிற்கும் நெடுங்கற்களுக்குச் சற்றுத் தள்ளி, துளை விழுந்த கல் ஒன்று தனியாக நின்றது. அந்தப் பக்கம் ஆண், இந்தப் பக்கம் பெண். துளைக்குள் கைகோத்து வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

"உன் கை ஏன் இப்படி சில்லுன்னு இருக்கு?" என்றாள் மெர்ரன்.

"நீ கல்லப் புடிச்சிட்டிருக்க. என் கை இன்னும் உள்ளயே வரல" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

அந்த வசந்தத்தில் ஆலிவர் திமிங்கில வேட்டைக் கப்பலில் கிரீன்லாந்து போனான். கப்பல் திரும்பவில்லை. பனிக்கட்டியில் சிக்கி நொறுங்கியது என்றார்கள். கண்ணால் கண்டவர் யாருமில்லை.

மெர்ரன், படகோட்டி மீன் பிடிக்கும் அண்ணன் ரோலண்டுடன் இருந்தாள். இருவருக்கும் வேறு நாதியில்லை. மாடு கறந்தாள், கடற்பாசி சுமந்தாள், வாற்கோதுமை ரொட்டி சுட்டாள். பக்கத்துப் பண்ணையில் மனைவியை இழந்தவன் பெண் கேட்டு வந்தபோது, கை கொடுத்தாயிற்று என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

"செத்தவனுக்காடி காத்திருக்க?" என்றான் ரோலண்ட்.

"செத்தான்னு நீ பாத்தியா?"

"பாக்கல. நீ சாகறதத்தான் தினம் பாக்கறேன்."

அறுவடை முடிந்த ஒரு நாள், கடற்கரையில் பாசி வாரிக்கொண்டிருந்தவள் ஏரிப்பக்கம் புகையைக் கண்டு ஓடினாள். துளைக்கல்லைச் சுற்றித் தீ மூட்டி, சூடேறியதும் தண்ணீரை ஊற்றிச் சம்மட்டியால் உடைத்திருந்தான் ரோலண்ட். அவன் உள்ளங்கை கொப்பளித்துக் கிடந்தது.

"ஊர் கேட்டா மாட்டுக்கொட்டாய்க்கு கல்லு வேணும்னு சொல்லிக்கறேன். உனக்காகத்தான் செஞ்சேன். கல்லும் போச்சு, கட்டும் போச்சு. இனியாச்சும் ஒருத்தனக் கட்டிக்கிட்டு நல்லாருடி."

மெர்ரன் சில்லுகளைப் புரட்டினாள். துளையின் வழவழப்பு எதிலாவது மிஞ்சியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

"அவனுக்கு ஒரு குழிகூட இல்லண்ணே. நான் போய் நிக்கறதுக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு."

ரோலண்ட் சம்மட்டியைக் கீழே போட்டான். அவள் இப்படிச் சொல்லி அதுவரை அவன் கேட்டதே இல்லை.

ஊர் சும்மா விடவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைகோத்த கல்லாயிற்றே. வீட்டைக் கொளுத்தப் பந்தத்தோடு வந்தார்கள். மெர்ரன் வாசலை மறித்து நின்றாள்.

"உள்ள இருக்கறது என் அண்ணன். என்னையும் சேத்துக் கொளுத்துங்க."

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். அதன்பின் ரோலண்டின் படகில் யாரும் ஏறவில்லை, அவன் கையால் யாரும் மீன் வாங்கவில்லை. மெர்ரன் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அவனோடு பேச்சும் அளவாகப் போயிற்று. ரொட்டி, மாடு, மழை. அதற்கு மேல் இல்லை.

வயதாகிப் படுக்கையில் விழுந்தபோது ஒரு நாள் அவன் கேட்டான்.

"மன்னிச்சிட்டியாடி?"

எப்போதோ மன்னித்திருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தால் அழுகை முந்திக்கொண்டுவிடும்போல் இருந்தது.

"கஞ்சி ஆறுது, குடி" என்றாள்.

அவன் குடித்தான். மறுநாள் போய்விட்டான். சொல்லியிருக்கலாமே, சொல்லியிருக்கலாமே என்று தான் சாகும்வரை அவள் மனம் அடித்துக்கொண்டது.